65 ரூபாய் ஃபில்டர், 120 ரூபாய் ஃபில்டர்: இரண்டையும் அறுத்துப் பார்த்தேன்

நான் சமையல் ஆர்டர் எடுப்பவள். குரோம்பேட்டையில் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு இட்லி, பொங்கல், வடை, மதியச் சாப்பாடு என்று பதினோரு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. கார் எனக்குப் பாத்திரம் தூக்கும் ஆள். 2013 மாடல் வேகன்ஆர், பெட்ரோல். பின் சீட்டை மடித்துவிட்டால் இரண்டு இட்லிக் குண்டான், மூன்று சாம்பார் தூக்கு, ஒரு கட்டு வாழையிலை தாராளமாகப் போகும். கிலோமீட்டர் 1,18,000 தாண்டிவிட்டது. எனக்குக் கார் பைத்தியமெல்லாம் கிடையாது. எண்ணெயோடும் வடிகட்டியோடும் தினமும் மல்லுக்கட்டுகிறவள் என்ற தகுதியில் ஒரு ஆயில் ஃபில்டரைப் பற்றி எழுதுகிறேன்.

போன மார்கழியில் ஆரம்பித்தது. விடியற்காலை நாலரைக்கு மேடவாக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு டிபன் போக வேண்டும். சாவியைத் திருப்பினால் கடகடவென்று ஒரு சத்தம். தகர டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்குவதுபோல. முன்னால், ஆயில் அழுத்தம் போதவில்லை என்று காட்டும் அந்தச் சிவப்பு எண்ணெய்க் கிண்ணி விளக்கு அணையாமல் நிற்கிறது. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். ஐந்தில் அணைந்தது, சத்தமும் அதோடு நின்றது. டிபன் போய்ச் சேர்ந்தது, வண்டியும் ஒழுங்காகத்தான் ஓடியது. மதியம் எடுத்தால் சத்தமே இல்லை. மறுநாள் விடியற்காலை மறுபடி அதே கடகட.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். நான் போனது மத்தியானம், வண்டி சமர்த்தாக நின்றது. இன்ஜினுக்குள் ஓடுகிற டைமிங் செயின் தொய்ந்திருக்கும், செட்டாக மாற்ற வேண்டும், 11,000 ஆகும் என்றார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். பதினோராயிரத்துக்கு எத்தனை மூட்டை இட்லி அரிசி என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

அப்புறம் அஸ்தினாபுரம் பக்கம் ஒரு மெக்கானிக் தம்பியைப் பிடித்தேன். அவன் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "அக்கா, ஆயில் கடைசியா எப்ப மாத்துனீங்க? ஃபில்டர் யார் வாங்குனது?" என்றான்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். ஐப்பசி கடைசியில் ஆயில் மாற்றினோம். ஃபில்டரை நானே வாங்கிக் கொடுத்தேன். கம்பெனி கவுண்டரில் 120 சொன்னதை, வேறொரு கடையில் 65 ரூபாய்க்கு வாங்கிவிட்டுப் பெருமையாக வந்தேன். அந்த டப்பாவில் ஒரு கம்பெனி பெயர் இருந்தது. அதை இங்கே எழுதப் போவதில்லை. அது அந்தக் கம்பெனி சரக்குதானா, அவர்கள் பெயரை அச்சடித்து யாரோ கட்டிய டூப்ளிகேட்டா என்று எனக்கு நிச்சயமில்லை. ஹாலோகிராம் ஸ்டிக்கர் ஒன்று இருந்தது. கோணலாக.

வண்டியை ராத்திரி அவன் ஷெட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன். காலை ஆறு மணிக்கு என்னை வரச் சொன்னான். ஸ்டார்ட் பண்ணாமல், கீழே படுத்துக்கொண்டு ஃபில்டரை மெதுவாகக் கழற்றினான். அடியில் ஒரு பழைய தட்டு. என் வண்டியில் ஃபில்டர் செங்குத்தாக நிற்காது, படுத்த வாக்கில் இருக்கிறது. அப்படி இருப்பதைக் கழற்றினால் மடமடவென்று ஆயில் கொட்ட வேண்டும் என்றான். ஒரு குழிக்கரண்டி அளவுகூட விழவில்லை. "பார்த்தீங்களா? ராத்திரி பூரா இதுல இருந்த ஆயில் கீழ இறங்கிடுச்சு. காலைல நீங்க சாவி போட்டதும் பம்பு முதல்ல இந்தக் காலி டப்பாவை ரொப்பணும், அப்புறம்தான் மேல ஏத்தும். அதுவரைக்கும் இன்ஜின் வறண்டு ஓடுது."

மாருதியின் ஒரிஜினல் ஃபில்டரை நான் போய் வாங்கி வந்தேன். இந்த விமர்சனம் முக்கியமாக அதைப் பற்றித்தான். கவுண்டரில் வண்டி நம்பரைக் கேட்டு, கம்ப்யூட்டரில் பார்த்து எடுத்துக் கொடுத்தார்கள். 120 ரூபாய், அதோடு டிரெயின் போல்ட்டுக்கு ஒரு வாஷர் தனியாக. மாட்டிய முதல் தடவை விளக்கு சில விநாடி எரிந்தது. புது டப்பா காலியாகத்தானே இருக்கும், அது சகஜம் என்று முன்னாடியே சொல்லிவிட்டான். அடுத்த நாள் விடியற்காலை நாலரை. சாவியைத் திருப்பினேன். ஒன்று என்று எண்ணி முடிப்பதற்குள் விளக்கு அணைந்தது. சத்தம் இல்லை. பக்கத்து வீட்டு நாய்கூட எழுந்திருக்கவில்லை. பதினோராயிரம் மிச்சம்.

இதோடு விட்டிருக்கலாம். ஆனால் 65-க்கும் 120-க்கும் நடுவில் அப்படி என்னதான் இருக்கிறது என்று எனக்கு அரிப்பு. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே உயரம், ஒரே பருமன், ஒரே மாதிரி மரை. பழைய ஃபில்டரைப் பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்து வந்து பரணில் போட்டேன். ஆறு மாசம், 5,200 கிலோமீட்டர் கழித்து, ஆடியில் ஆர்டர் குறைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுத்த ஆயில் மாற்றியபோது ஒரிஜினலையும் கழற்றி வாங்கிக்கொண்டேன். பெரியவன் இன்ஜினீயரிங் இரண்டாம் வருடம். அவன் ஆக்ஸா பிளேடு பிடித்தான், நான் டப்பா பிடித்தேன். அறுக்கிற தூளெல்லாம் உள்ளே விழும், அதைப் பார்த்து ஐயோ இன்ஜின் தேய்ந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம் என்று மெக்கானிக் தம்பி சொல்லி அனுப்பியிருந்தான். ஒழுங்காகச் செய்ய வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு கட்டர் இருக்கிறதாம்.

அறுக்கிறதுக்கு முன்னால், இது என்ன செய்கிறது என்று நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். இன்ஜினுக்கு அடியில் சம்ப் என்கிற தொட்டி. அதில் ஆயில். பம்பு அதை ஒரு கம்பி வலை வழியாக உறிஞ்சி ஃபில்டருக்கு அனுப்புகிறது. ஃபில்டரின் வாய்த்தட்டில் நடுவில் மரை போட்ட ஒரு பெரிய ஓட்டை, அதைச் சுற்றி வட்டமாகச் சின்னச் சின்ன ஓட்டைகள். சின்ன ஓட்டைகள் வழியாக ஆயில் உள்ளே நுழையும், காகிதத்தின் வெளிப்பக்கத்திலிருந்து உள்பக்கம் ஊடுருவி, நடுக்குழாய்க்கு வந்து, பெரிய ஓட்டை வழியாக இன்ஜினுக்குப் போகும். அங்கே சுழல்கிற கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங், வால்வுகளைத் திறக்கும் கேம் என்று எல்லா இடத்தையும் நனைத்துவிட்டு மறுபடி தொட்டியில் சொட்டும். காபி ஃபில்டர் மாதிரி தானாகச் சொட்டுகிற சமாச்சாரம் இல்லை இது. பம்பு அழுத்தித் தள்ளுகிறது, நாள் பூரா அதே மூன்று லிட்டர் சொச்சம் ஆயில் சுற்றிச் சுற்றி வருகிறது.

எதை வடிகட்டுகிறது? ஏர் ஃபில்டரைத் தாண்டி உள்ளே வந்த மண் தூசி, இரும்பு, அலுமினியம் தேய்ந்த பொடி, ஆயில் கருகிய கசடு. நம் தலைமுடி சுமார் 70 மைக்ரான் தடிமன். நல்ல காகிதம் 20, 30 மைக்ரான் துகளைப் பெரும்பாலும் பிடித்துவிடும், ஒவ்வொரு சுற்றிலும் அதைவிடப் பொடிசில் கொஞ்சத்தையும் பிடிக்கும். கிராங்க் தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவில் ஆயில் ஓடுகிற இடைவெளியே 20 முதல் 50 மைக்ரான்தான்: ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு முதல் ஐந்து பங்கு. அந்த இடுக்கில் போய் மாட்டுகிற அளவுள்ள துகள்தான் உலோகத்தைச் சுரண்டும். அம்மிக்கும் குழவிக்கும் நடுவில் ஒரே ஒரு மணல் விழுந்தால் பல்லில் எப்படிக் கரகரக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம்.

(எங்கள் டெலிவரி பையனின் ஸ்பிளெண்டரில் காகித ஃபில்டரே கிடையாது. சுற்றுகிற ஒரு கிண்ணம் இருக்கிறது. சுற்றுகிற வேகத்தில் கசடு ஓரமாகப் போய் ஒட்டிக்கொள்ளும். கிரைண்டரில் மாவு ஓரத்தில் அப்பிக்கொள்கிற மாதிரி. அதை வழித்தெடுத்தால் கறுப்பு மெழுகு. எளிமையான வேலை, எனக்குப் பிடித்தது.)

சரி, அறுத்த கதைக்கு வருவோம்.

முதலில் காகிதம். அது புடவைக் கொசுவம் மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும், சின்ன டப்பாவுக்குள் நிறைய பரப்பை அடைப்பதற்காக. 65 ரூபாய் டப்பாவில் கொசுவம் எண்ணினேன்: 37. பிரித்து நீட்டினால் 80 செ.மீ. ஒரிஜினலில் 55 மடிப்பு, ஒரு மீட்டர் 20 செ.மீ. வந்தது. பரப்பு குறைந்தால் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். மலிவு டப்பாவில் மடிப்புகள் சீராகவும் இல்லை. ஒரு பக்கம் நாலைந்து ஒட்டிக்கொண்டு கிடக்க, எதிர்ப்பக்கம் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. மேல் மூடித் தகட்டில் பசை ஒரு இடத்தில் விட்டுப்போய், என் சுண்டுவிரல் நகம் உள்ளே போனது. வடிகட்டித் துணியில் ஓட்டை இருந்தால் புளிக்கரைசலில் என்ன ஆகுமோ அதேதான். ஒரிஜினலில் பசை வட்டம் முழுசாகப் பிடித்திருந்தது, மடிப்புகள் ஆறு மாசம் கழித்தும் நிமிர்ந்து நின்றன.

இரண்டாவது, எனக்கு விடியற்காலைக் கடகடவைக் கொடுத்த ஆசாமி. வாய்த்தட்டுக்கு உள்ளே ஒரு ரப்பர் தட்டு இருக்கிறது, நடுவில் ஓட்டை போட்ட அப்பளம் மாதிரி. பம்பு தள்ளும்போது ரப்பர் விலகி வழி விடும். இன்ஜின் நின்றதும் திரும்பப் போய்ச் சின்ன ஓட்டைகளை மூடி, உள்ளே இருக்கிற ஆயிலைத் திரும்ப விடாமல் பிடித்துவைக்கும். ஆன்டி டிரெயின்பேக் வால்வு என்று பெரியவன் பெயர் சொன்னான். ஒரிஜினலில் அது மெத்தென்று இருந்தது. விரலால் மடக்கினேன், விட்டதும் பழைய நிலைக்கு வந்தது. 65 ரூபாயில் அதுவும் கறுப்பு ரப்பர்தான், ஆனால் வெயிலில் காய்ந்த வடகம். மடக்கினால் மடங்கிய இடத்தில் வெடிப்பு. இத்தனைக்கும் அது வண்டியில் இருந்தது இரண்டு மாசம், 2,500 கிலோமீட்டர். இன்ஜின் சூட்டை அது தாங்கவில்லை, விளிம்பு சுருண்டு ஓட்டைகளை மூடாமல் நின்றிருக்கிறது. ஃபில்டரைத் தலைகீழாகவோ படுத்த வாக்கிலோ மாட்டுகிற வண்டி உங்களுடையது என்றால், வாங்குகிற காசில் பாதி இந்த ரப்பருக்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாய் மேலே பார்த்து நிற்கிற ஃபில்டராக இருந்தால் இதைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம்.

மூன்றாவது, அடியில் ஒரு சுருளும் சின்ன மூடியும். பைபாஸ் வால்வு. இதைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. காகிதம் அடைத்துக்கொண்டால், அல்லது குளிரில் ஆயில் கெட்டியாக இருந்தால், ஆயில் ஊடுருவ முடியாமல் தேங்கும். அப்போது உள்ளுக்கும் வெளிக்கும் அழுத்த வித்தியாசம் ஏறும். சுமார் ஒரு பார், அதாவது நாம் டயருக்கு அடிக்கிற காற்றில் பாதி அளவு வந்ததும் இந்த மூடி திறந்து, வடிகட்டாத ஆயிலையே இன்ஜினுக்கு விட்டுவிடும். வண்டிக்கு வண்டி இந்த அளவு மாறும். முதலில் எனக்கு இது ஏமாற்று வேலையாகப் பட்டது. யோசித்தால் நியாயம்தான். அழுக்கு ஆயிலோடு இன்ஜின் ரொம்ப நாள் தள்ளும், ஆயிலே இல்லாமல் சில நிமிஷம்கூடத் தாங்காது. பந்தியில் உட்கார்ந்துவிட்டவர்களுக்கு வடிகட்டாத ரசமாவது ஊற்றியாக வேண்டுமே.

ஒரிஜினலில் அந்த மூடியை விரலால் அழுத்தினால் முறுக்கோடு உள்ளே போய், விட்டதும் டக்கென்று வந்து உட்கார்ந்தது. மலிவு டப்பாவில் சுருள் என்னவோ இருந்தது, ஆனால் மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. வெளிச்சத்தில் பிடித்தால் இடைவெளி தெரிந்தது. அப்படியென்றால் அந்த இரண்டு மாசமும் எவ்வளவு ஆயில் காகிதத்தைத் தொடாமலே போனதோ! ஃபில்டர் மாட்டியிருந்தோம் என்று பெயர், அவ்வளவுதான். காகிதமும் சாட்சி சொன்னது: ஒரிஜினலின் மடிப்புகளுக்குள் கறுப்புக் கசடு, விரலில் தேய்த்தால் நெறநெறப்பு. மலிவு டப்பாவின் காகிதம் ரொம்ப வெளுப்பாக, கிட்டத்தட்ட புதுசு மாதிரி. சுத்தமாக இருக்கிறதே என்று நான் சந்தோஷப்பட, பெரியவன் சிரித்தான். வடிகட்டி சுத்தமாக இருந்தால் அழுக்கு எங்கே போயிருக்கும் அம்மா?

ஒரிஜினலில் குறையே இல்லையா? இருக்கிறது. டப்பாவின் அடிப்பக்கம் வழவழவென்று கையில் வழுக்குகிறது. ஆயில் பட்ட கையோடு பிடித்தால் பிடிமானமே கிடையாது. கப் மாதிரி வருகிற ரென்ச் இருந்தால்தான் நிம்மதி. அட்டைப் பெட்டியில் எப்படி மாட்ட வேண்டும் என்று தமிழில் ஒரு வரி இல்லை. கவுண்டரில் ஒரு தடவை ஸ்டாக் இல்லையென்று என்னைத் திருப்பி அனுப்பினார்கள். ஐந்துக்கு நாலு கொடுப்பேன்.

ஜி.பி. ரோட்டில் ஒரு தடவை விசாரித்தேன். அண்ணா சாலையிலிருந்து திரும்பினால் இரண்டு பக்கமும் ஸ்பேர் கடைகள்தான். நல்ல கம்பெனிகளின் ஃபில்டர் என் வண்டிக்கு நாலைந்து விதம் இருக்கிறது, ஒரிஜினல் மட்டும்தான் போட வேண்டும் என்று ஒன்றுமில்லை. ப்யூரோலேட்டர் என்று போட்ட பெட்டியைப் பார்த்துப் பெரியவன் ஒரு கதை சொன்னான். 1923-ல் அமெரிக்காவில் எர்னெஸ்ட் ஸ்வீட்லேண்ட் என்பவர் காருக்கு ஆயில் ஃபில்டர் கண்டுபிடித்தபோது வைத்த பெயராம் அது. சுத்த எண்ணெய் என்ற அர்த்தம் வருகிற ஆங்கில வார்த்தைகளைச் சேர்த்துக் கட்டியது. அதற்கு முன்னால் ஓடிய கார்களில் ஆயிலை அடிக்கடி கொட்டி மாற்றிக்கொண்டே இருப்பார்களாம். ஒரு கடைக்காரர் ஃபில்டர் மேல் ஒட்டுகிற காந்தம் ஒன்றைக் காட்டி 350 ரூபாய் என்றார். காந்தம் இரும்புப் பொடியைப் பிடிக்கும், மண் தூசியையும் அலுமினியத்தையும் என்ன செய்யும் என்று கேட்டேன். அவர் அடுத்த கஸ்டமரைப் பார்க்கப் போய்விட்டார்.

மாட்டுவதில் நான் பார்த்துக் கற்றுக்கொண்டது இது. பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் கூடவே வந்துவிட்டதா என்று பாருங்கள். சில சமயம் அது இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அதன் மேலேயே புதுசை மாட்டினால் இரண்டு வளையமாகி, ரோட்டில் போகும்போது பீய்ச்சியடித்து ஆயில் மொத்தமும் காலியாகும். தம்பி அந்த இடத்தைப் பனியன் வேஸ்டால் துடைத்தான். புது வளையத்தில் விரலால் புது ஆயிலைத் தடவினான், தோசைக்கல்லில் எண்ணெய் தடவுகிற மாதிரி. கையாலேயே திருகி, வளையம் தொட்டதும் அங்கிருந்து முக்கால் சுற்று. அவ்வளவுதான். செயின் ரென்ச் போட்டு முறுக்குகிற ஆட்கள் இருக்கிறார்கள். அடுத்த தடவை கழற்ற வராமல் ஸ்க்ரூ டிரைவரை டப்பாவில் குத்தித் திருகுவதும் அவர்கள்தான். பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்து, விளக்கு அணைகிறதா, அடியில் கசிகிறதா என்று பார்த்து, அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு.

இன்னொன்று. நல்ல ஃபில்டர்தானே, ஆயிலை மாற்றாமல் ஃபில்டரை மட்டும் மாற்றினால் போதாதா என்று என் நாத்தனார் கேட்டாள். வடை சுட்ட எண்ணெயை மெல்லிய துணியில் எத்தனை தடவை வடிகட்டினாலும் அது பழைய எண்ணெய்தானே? கருகல் துணுக்கு போகும், காறல் போகாது. இங்கேயும் அப்படித்தான். ஆயிலில் கலந்த பெட்ரோல், தண்ணீர், அமிலம், இதெல்லாம் காகிதத்தில் நிற்காது. என் ஓட்டம் வேறு எல்லாமே சின்னச் சின்ன ஓட்டம், இன்ஜின் முழுசாகச் சூடேறுவதற்குள் மண்டபம் வந்துவிடும். மார்கழியில் ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தால் உள்பக்கம் மோர் மாதிரி வெளுத்த பசை, தண்ணீர் கலந்ததன் அடையாளம். புத்தகத்தில் 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம் என்று போட்டிருக்கிறது, கடினமான ஓட்டத்துக்கு அதைவிடச் சீக்கிரம் என்றும் போட்டிருக்கிறது. நான் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஆயிலும் ஃபில்டரும் சேர்த்தே மாற்றுகிறேன்.

அறுத்த இரண்டு ஃபில்டரையும் மெக்கானிக் தம்பி என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டான். காகிதமும் ரப்பரும் வாடிக்கையாளருக்குக் காட்ட ஷெட்டில் ஆணியில் தொங்குகின்றன. 65 ரூபாய் டப்பாவின் அடிப்பாதியில் நட்டு, வாஷர் போட்டு வைத்திருக்கிறான். "தகடு நல்ல தகடுதான்க்கா" என்கிறான்.